பிறந்தமேனியின் நிறம்: முத்துக் கரையில் தோலையும் வெறுமையையும் சொல்லும் சொற்கள்

தூத்துக்குடியில் எந்தத் துணிக்கடையிலும் ‘ஸ்கின் கலர் லைனிங்’ என்று கேட்டால், கடைக்காரர் யோசிக்காமல் ஒரு துணியை எடுத்துப் போடுவார். வெளிர் பழுப்பில் லேசாக ரோஜாச் சாயல் கலந்த துணி அது. உள்ளாடை, லெக்கிங்ஸ், காலுறை, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர், முகத்துக்குப் பூசும் கிரீம் என்று எல்லாவற்றிலும் அந்த நிறத்துக்கு அதே பெயர்தான். ஆனால் கேட்டவர் தோலிலும் அந்த நிறம் இல்லை, எடுத்துக் கொடுத்தவர் தோலிலும் இல்லை. உப்பளத்தில் வேலை செய்பவர், வலை இழுப்பவர், துறைமுகத்தில் சரக்கு ஏற்றுபவர், கல்லூரிக்குப் போகும் மாணவி என்று இந்த ஊரின் பெரும்பாலோர் உடம்பில் இல்லாத ஒரு நிறம் ‘தோல் நிறம்’ என்று விற்கப்படுகிறது.

இதே நிறத்தை அழகுசாதன விளம்பரங்கள் ‘நியூட்’ என்கின்றன. ஆடையில்லாத உடம்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஒரு சாயத்தின் பெயராகிவிட்டது. வெறுமையும் நிறமும் ஒரே சொல்லில் இப்படி எப்படிச் சேர்ந்தன? தமிழிலும் அவை சேர்ந்தனவா? சேரவில்லை என்றால் ஏன்? தோலின் நிறத்துக்கும் உடம்பின் வெறுமைக்கும் தமிழில் உள்ள சொற்களை வரிசையாக எடுத்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை. அதற்கு முத்துக்குளித்துறைக் கரையைவிடப் பொருத்தமான இடம் இல்லை. உடம்பைத் திறந்துபோட்டு உழைத்த மக்களும், வெண்மைக்கு விலை வைத்த முத்துச் சந்தையும், பல நாட்டு மனிதர்கள் வந்து இறங்கிய துறைகளும் இங்கேதான் ஒன்றாக இருந்தன.

நிறம், மேனி, பச்சை

பழந்தமிழில் ‘நிறம்’ வண்ணத்தை மட்டும் குறித்த சொல் அல்ல. சங்கப் பாடல்களில் அது மார்பையும், ஆயுதம் பாய்ந்தால் உயிர் போகும் இடத்தையும் குறிக்கிறது. வேல் நிறத்தில் பாய்ந்தது என்றால் நெஞ்சில் பாய்ந்தது என்று பொருள். ‘மேனி’யும் அப்படித்தான். உடம்பு என்பது ஒரு பொருள். உடம்பின் வண்ணம் என்பது இன்னொரு பொருள். பொன்மேனி என்னும்போது வண்ணம் முன்னால் நிற்கிறது, மேனி நோகிறது என்னும்போது உடம்பு முன்னால் நிற்கிறது. ‘பச்சை’க்குப் பழைய பொருள்களில் ஒன்று தோல். பொருநராற்றுப்படை யாழின் மேல் போர்த்திக் கட்டிய தோலை அந்தச் சொல்லால்தான் குறிக்கிறது.

இந்த மூன்று சொற்களும் ஒரு செய்தியைச் சொல்கின்றன. தமிழில் உடம்பைக் குறிக்கும் சொல்லும் உடம்பின் நிறத்தைக் குறிக்கும் சொல்லும் தொடக்கத்திலிருந்தே நெருங்கி இருந்திருக்கின்றன. ஆனால் அந்த நெருக்கம் எந்த ஒரு குறிப்பிட்ட நிறத்தையும் உடம்பின் பொது நிறமாக ஆக்கவில்லை. ‘மேனி’ என்றால் யாருடைய மேனி என்ற கேள்வி தானாகவே வந்துவிடுகிறது.

தொல்காப்பியம் உரியியலில் கறுப்பு, சிவப்பு என்ற இரண்டு சொற்களையும் எடுத்துக்கொண்டு, அவை சினத்தைக் குறிப்பவை என்று முதலில் சொல்கிறது. நிறத்தைக் குறிக்கவும் அவை உரியவை என்பதை அடுத்துத்தான் சொல்கிறது. கண் சிவந்தது, முகம் கறுத்தது என்று இன்றும் பேசுகிறோம். அதாவது இந்தச் சொற்கள் ஒருவரின் நிலையான அடையாளத்தைச் சொன்னதோடு, அந்த நேரத்து மாற்றத்தையும் சொல்லின. வெயிலில் அலைந்துவிட்டு வந்த பிள்ளையைப் பார்த்து ‘என்னட்டி இப்படிக் கறுத்துப் போயிட்ட’ என்று தாய் கேட்கும்போது, கறுப்பு ஒரு வினைச்சொல். அது பிறப்பில் வந்த முத்திரை அல்ல.

தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூர் முருகன் கோயிலில் ஆவணி, மாசித் திருவிழாக்களின்போது சண்முகர் மூன்று கோலத்தில் வருவார். 7ஆம் நாள் மாலை சிவப்பு சாத்தி, 8ஆம் நாள் காலை வெள்ளை சாத்தி, அன்று நண்பகலில் பச்சை சாத்தி. சிவப்பு சிவனுக்கும், வெள்ளை நான்முகனுக்கும், பச்சை திருமாலுக்கும் உரியது என்பது மரபு. பட்டும் பூவும் அந்தந்த நிறத்தில் இருக்கும். உள்ளே இருக்கும் திருமேனி ஒன்றே. கரியவனான திருமாலுக்குப் பச்சை சாத்துவதில் நம் பேச்சு வழக்கின் இன்னொரு பழக்கமும் தெரிகிறது. கருமை, நீலம், பச்சை மூன்றையும் தமிழ் மரபு பல இடங்களில் ஒன்றுக்கொன்று மாற்றிச் சொல்லியிருக்கிறது. இருண்ட மேனியைச் சொல்ல இத்தனை அழகான வழிகளை வைத்திருந்த மொழி அந்த மேனியைக் குறையாக நினைத்திருக்க முடியாது.

மாமையும் பசலையும்

இன்று கல்யாணத் தரகர் வாயில் ‘மாநிறம்’ என்று வரும் சொல்லுக்குப் பின்னால் ‘மாமை’ என்ற பழைய சொல் நிற்கிறது. அதன் பொருள் பற்றி உரையாசிரியர்களும் அகராதிகளும் ஒரே விடை தரவில்லை. கருமை என்பது ஒன்று, மாந்தளிரின் நிறம் என்பது ஒன்று, அழகு என்பது ஒன்று. மாந்தளிரை அருகில் வைத்துப் பார்த்தால் இந்த மூன்றும் முரண்படவில்லை என்பது தெரியும். புதிதாக விட்ட தளிர் செம்பும் ஊதாவும் கலந்த மினுமினுப்போடு இருக்கும். நாளாக ஆகப் பழுப்பேறிப் பிறகு பச்சையாகும். ஒரே கிளையில் நாலைந்து நிறங்களை ஒன்றாகப் பார்க்கலாம். உயிருள்ள தோலுக்கு இதைவிடப் பொருத்தமான அளவுகோல் கிடைப்பது கடினம்.

மாமையின் எதிர்ச்சொல் வெண்மை அல்ல, பசலை. பிரிவில் வாடும் பெண்ணின் உடம்பில் படரும் வெளிறிய நிறம் அது. குறுந்தொகையின் 27ஆம் பாடலில் வெள்ளிவீதியாரின் தலைவி, தன் மாமை அழகு தனக்கும் ஆகாமல் தலைவனுக்கும் உதவாமல் பசலைக்கு இரையாகிறதே என்று வருந்துகிறாள். இருண்ட தளிர்நிறமே நலம், வெளிறல் நோய் என்பதே இங்கே மதிப்பின் திசை. ‘மாயோள்’ என்று கருநிறப் பெண்ணைக் காதலோடு சொல்லும் வழக்கும் அந்தக் காலத்துப் பாடல்களில் உண்டு.

அதே இலக்கியத்தில் பொன் நிறத்தைப் புகழும் இடங்களும் இருக்கின்றன. ஆகவே பழந்தமிழர் கறுப்பை மட்டுமே போற்றினார்கள் என்று முடிவு கட்டிவிட முடியாது. ஒன்றைத்தான் உறுதியாகச் சொல்லலாம்: வெளிறிய தோல் பொது அளவுகோலாக இருக்கவில்லை.

முத்தின் நீர்

நிறத்தைச் சொல்வதில் இந்தக் கரை வளர்த்துக்கொண்ட நுட்பம் முத்து வணிகத்தில் தெரிகிறது. இந்தக் கரையின் பழைய துறைமுகமான கொற்கையின் முத்தைப் பற்றிக் கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘செங்கடல் செலவு’ என்னும் கிரேக்க நூலே பேசுகிறது. தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு அங்கே முத்துக்குளிப்பு நடந்ததாக அது குறிப்பிடுகிறது.

முத்தின் நிறத்துக்கு நம்மவர்கள் வைத்த பெயர் ‘நீர்’. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் ராஜராஜன் காலக் கல்வெட்டுகள் கோயில் நகைகளைப் பட்டியலிடும்போது முத்துகளை வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, இரட்டை, சப்பத்தி என்று வடிவத்தாலும் அளவாலும் பிரிக்கின்றன. குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று ஒளியாலும் பிரிக்கின்றன. சிலப்பதிகாரமும் மதுரையின் மணிக்கடைத் தெருவை வருணிக்கும்போது முத்துகளின் ஒளியை வானத்துக் கோள்களோடு ஒப்பிட்டு, வெண்மையும் செம்மையும் ‘நீர்மை’ என்றே சொல்கிறது. முத்து என்றால் வெள்ளை என்று இன்று நினைக்கிறோம். கையில் எடுத்து எடை போட்டவர்களுக்கு அது ஒரு நிறமாக இருக்கவில்லை. ‘முத்து நிறம்’ என்ற பொதுச் சொல்லால் அவர்கள் வணிகம் நடந்திருக்க முடியாது; எந்த முத்து, எந்த நீர் என்று கேட்டால்தான் விலை.

முத்தை இப்படி அடையாளம் பிரித்த கரையில் பிள்ளைகளுக்கு முத்துக்கருப்பன், முத்துக்கருப்பாயி என்றும் பெயர் வைத்தார்கள். முத்தையும் கறுப்பையும் ஒரே பெயரில் சேர்த்துக் கூப்பிட்டதில் அவர்களுக்கு எந்த முரணும் தெரியவில்லை. கருப்பசாமி, மாயாண்டி, வெள்ளைச்சாமி, வெள்ளையம்மாள், பவளம் என்று இந்த மாவட்டத்துப் பெயர்களில் எல்லா நிறமும் உண்டு. எதுவும் மறைக்க வேண்டிய நிறமாக இருக்கவில்லை.

மார்க்கோ போலோ கண்ட கரை

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரைக்கு வந்த வெனிஸ் நாட்டு மார்க்கோ போலோ, நம் கேள்வியின் இரண்டு பக்கத்துக்கும் சாட்சி சொல்கிறார். இன்றைய பழையகாயல் பக்கத்துத் துறையான காயலைப் பற்றியும், சோழமண்டலக் கரை உள்ளிட்ட ‘மாபார்’ நாட்டைப் பற்றியும், அதன் முத்துக்குளிப்பைப் பற்றியும் அவர் விரிவாக எழுதியிருக்கிறார்.

வெறுமையைப் பற்றி அவர் சொல்வது: சட்டை வெட்டித் தைக்கும் தையற்காரரே இந்த நாட்டில் இல்லை, எல்லோரும் திறந்த மேனியோடு இருக்கிறார்கள். அரசனும் அப்படித்தான். இடுப்பில் ஒரு மெல்லிய துணி, கழுத்தில் மணிகள் பதித்த ஆரம், பெரிய முத்தும் மாணிக்கமும் 104 கோத்த ஒரு சரம். மார்பை மூடாத அரசன் உடுத்தாதவனாக யாருக்கும் தோன்றவில்லை. நகையே அவன் உடுப்பு.

நிறத்தைப் பற்றி அவர் சொல்வது இதைவிட முக்கியமானது. இங்கே எவ்வளவு கறுப்போ அவ்வளவு மதிப்பு. குழந்தைகளுக்கு வாரந்தோறும் நல்லெண்ணெய் தேய்த்து இன்னும் கறுப்பாக்குகிறார்கள். தெய்வங்களைக் கறுப்பாகவும் பேய்களை வெள்ளையாகவும் எழுதுகிறார்கள். அயல்நாட்டுப் பயணியின் கண்ணில் மிகை இருக்கும். எண்ணெய்க் குளியலின் காரணத்தை அவர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம். ஆனால் எண்ணெய் பூசி மினுங்கும் கறுத்த மேனியை இந்த மக்கள் அழகு என்று நினைத்தார்கள் என்பது வேறு நாட்டவர் ஒருவர் நேரில் பார்த்து எழுதிவைத்த செய்தி. இன்று அதே கரையில் பிறந்த குழந்தைக்கு நிறம் ஏற வேண்டும் என்று கடலைமாவும் பாலாடையும் பூசுகிறோம். நடுவே என்ன நடந்தது என்பதே இந்த ஆய்வின் கடினமான பகுதி.

வெறுமையின் சொற்கள்

அந்தப் பகுதிக்குப் போகும் முன் வெறுமையின் சொற்களைப் பார்த்துவிடலாம். உடம்பின் வெறுமைக்குத் தமிழில் உள்ள சொற்கள் இரண்டு குடும்பமாகப் பிரிகின்றன. முதல் குடும்பம் துறவிலிருந்து வந்தது. ‘அம்மணம்’ என்ற சொல்லை, ஆடை துறந்த சமண முனிவர்களின் பெயரான ‘அமணர்’ என்பதோடு தொடர்புபடுத்துவார்கள். ‘நிர்வாணம்’ வடமொழியில் அணைந்துபோதல். பௌத்தத்திலும் சமணத்திலும் விடுதலை நிலை. தமிழ்ப் பேச்சில் அது ஆடையின்மை ஆயிற்று. ‘நக்கன்’ என்றால் ஆடையற்றவன், சிவனின் பெயர். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் கோயில் பணிக்கு அமர்த்தப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயருக்கு முன்னும் அந்தச் சொல் மரியாதையாக நிற்கிறது.

இந்த மாவட்டத்தில் கோவில்பட்டிக்கு அருகே கழுகுமலைக்குப் போனால் இந்தக் குடும்பத்தின் உருவத்தைக் கல்லிலேயே காணலாம். பாறை நெடுகிலும் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பங்கள். பெரும்பாலும் கி.பி. 8, 9ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. பலவற்றின் கீழே வட்டெழுத்தில், சிற்பத்தைச் செய்வித்தவரின் பெயரும் ஊரும் இருக்கும். செய்வித்தவர்களில் குரத்தியார் எனப்பட்ட பெண் ஆசிரியர்களும் உண்டு. துணி இல்லாத அந்த உடம்புகளில் தசை மடிப்போ, நரம்போ, ஆசையின் அடையாளமோ இல்லை. கண் பாதி மூடியிருக்கிறது, கை மடியில் இருக்கிறது. அந்தக் கல்லின் வெறுமைக்கு ‘எதுவும் தேவைப்படாத நிலை’ என்று பொருள். ‘அம்மணம்’ என்ற சொல்லைப் பிற்காலத்தில் வசையாக ஆக்கிக்கொண்டது சமயச் சண்டைகளின் வேலை. சிற்பத்தின் குற்றம் அல்ல.

இரண்டாம் குடும்பம் வீட்டுத் தமிழ். வெறுங்கை, வெறுங்கால், வெறுங்கழுத்து; மொட்டைத்தலை, மொட்டைப்பனை, மொட்டைமாடி; மூளிக்காது, பாழ்நெற்றி; முண்டக்கட்டை, பிறந்தமேனி. இவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு பொது இயல்பு தெரியும். ஒவ்வொன்றும் இருக்க வேண்டிய ஒன்று இல்லாததைச் சொல்கிறது. கையெழுத்து இல்லாத கடிதம் மொட்டைக் கடிதாசி. எதிர்பார்ப்பு இருந்தால்தான் வெறுமை. செருப்புப் போடும் பழக்கமே இல்லாத ஊரில் வெறுங்கால் என்ற சொல்லுக்கு வேலை இல்லை.

பாம்படத்தை எடுத்துக்கொள்ளலாம். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பகுதிகளில் சென்ற தலைமுறைப் பாட்டிகள் காதை வடித்து, தோள் வரை தொங்கும் அந்தக் கனமான பொன் நகையைப் போட்டிருந்தார்கள். கஷ்டம் வந்து அதை விற்ற பிறகு நீண்டு தொங்கும் காதுமடல் மட்டும் மிஞ்சும். அதுதான் மூளிக்காது. அந்தக் காதில் துணியால் மறைக்க எதுவும் இல்லை. ஆனாலும் ஊருக்கு முன்னால் அது அம்மணத்துக்குச் சமமாக அந்தப் பெண்ணைக் கூச வைத்தது. வெறுங்கழுத்து அதைவிடக் கொடிய சொல். கடலுக்குப் போன கணவன் திரும்பாவிட்டால் கழுத்தும் நெற்றியும் கையும் ஒரே நாளில் வெறுமையாகும், சேலை வெள்ளையாகும். நிறமும் வெறுமையும் தமிழ்நாட்டில் உண்மையாக ஒன்று சேர்ந்த இடம் அதுதான். கைம்பெண்ணின் வெள்ளை, நிறத்தின் பெயராக அல்ல, எல்லாம் எடுக்கப்பட்டதன் பெயராக இருந்தது.

‘பச்சை’ இந்தக் குடும்பத்திலும் வருகிறது. பச்சைத்தண்ணீர், பச்சைப்பிள்ளை, பிள்ளை பெற்றவளின் பச்சை உடம்பு, பச்சையாகப் பேசுதல். சமைக்காதது, மூடாதது, இன்னும் ஆறாதது என்ற பொருள்கள் எல்லாம் இந்தச் சொல்லில் குடியிருக்கின்றன. இங்கே வெறுமை பழிக்கப்படவில்லை. காக்கப்பட வேண்டியதாக இருக்கிறது.

யாருடைய வெறுமை

சொல் ஒன்றாக இருந்தாலும் வெறுமையின் பொருள் ஆளுக்கு ஆள் மாறியது. சலாபம் என்ற முத்துக்குளிப்பில் குளியாள் கோவணத்தோடு கடலில் இறங்கினார். காலில் மூழ்க உதவும் குளிகல், இடுப்பில் சிப்பி போடும் பை, மேலே கயிற்றைப் பிடித்திருக்கும் துணையாள். அந்த உடம்பில் துணி இல்லாதது தொழிலின் தேவை. அதை யாரும் அம்மணம் என்று சொன்னதில்லை. தூத்துக்குடிப் பக்கம் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. உப்பளத்தில் வெறுங்காலோடு உப்பு நீரில் நிற்கும் பெண்களின் பாதம் வெடிப்பதைச் சொல்ல ‘வெறுங்கால்’ என்ற சொல் போதாது. அது பழக்கம் அல்ல, கூலியின் குறைவு.

திருச்செந்தூர்க் கோயிலுக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும். அங்கே திறந்த மார்பு பக்தி. அதே மனிதர் நிலக்காரர் முன்னால் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்ட நேர்ந்த காலத்தில் திறந்த மார்பு அடிமைத்தனம். இடமும் எதிரில் நிற்பவரும் மாறினால் ஒரே செயலின் பொருள் தலைகீழாகிறது.

இதன் உச்சம் தெற்கே திருவிதாங்கூரில் நடந்தது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் நாடார் முதலிய சாதிப் பெண்கள் மேலாடை அணியக்கூடாது என்பது வழக்கமும் சட்டமுமாக இருந்தது. கிறிஸ்தவத்துக்கு மாறிய பெண்கள் குப்பாயம் என்ற மேல்சட்டை அணியலாம் என்று ஆங்கிலேய ரெசிடென்ட் கர்னல் மன்றோ காலத்தில் அனுமதி வந்தது. 1822இல் தொடங்கிக் கலவரம் மூன்று கட்டமாக மூண்டது. உடுத்திய பெண்களின் துணிகள் தெருவில் கிழிக்கப்பட்டன, பள்ளிகளும் வழிபாட்டிடங்களும் கொளுத்தப்பட்டன. 1859 ஜூலை 26இல் வந்த அரச அறிவிப்பு மார்பை மூட உரிமை தந்தது. மேல்சாதிப் பெண்களைப் போல மூடக்கூடாது என்ற தடையை அப்போதும் வைத்திருந்தது. அதற்கு முன்பே அய்யா வைகுண்டர் தம் மக்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வழிபடச் சொன்னார்.

மார்க்கோ போலோ பார்த்தபோது அரசனுக்கும் குடிக்கும் பொதுவாக இருந்த திறந்த மேனி, ஐந்து நூற்றாண்டு கழித்துச் சிலருக்கு மட்டும் விதிக்கப்பட்ட தண்டனையாக ஆகியிருந்தது. மற்றவர்கள் உடுத்திக்கொண்ட பிறகு உடுத்த விடாமல் தடுப்பதுதான் ஒரு உடம்பை அம்மணமாக்குகிறது. தோளில் போட்ட துணிக்காகப் பெண்கள் அடிபட்ட வரலாற்றைத் தெரிந்துகொண்டவர்கள் வெறுமையை ஒரு நிறத்தின் பெயராக இலேசாகச் சொல்ல மாட்டார்கள்.

சிவப்பு, மாநிறம், கறுப்பு

இனித் தோல் நிறத்துக்கு இன்றைய பேச்சில் உள்ள சொற்கள். கறுப்பு, மாநிறம், சிவப்பு என்ற மூன்று படிகளே நாட்டு வழக்கு. வெளிர்ந்த தோலைத் தென்மாவட்டத்தில் ‘செவப்பு’ என்றுதான் சொல்வார்கள், வெள்ளை என்று அல்ல. வெள்ளை அயலாருக்கு உரியது: வெள்ளைக்காரன். அல்லது நோய்க்கு உரியது: முகம் வெளுத்துப்போச்சு. தோலில் நிறம் இழந்த திட்டுகளை ‘வெண்குட்டம்’ என்று சொல்லித் தொழுநோயோடு குழப்பிப் பலரை ஒதுக்கிவைத்தோம். ‘வெண்புள்ளி’ என்று சொல்லப் பழகியது அந்த மனிதர்களுக்குச் செய்த பெரிய நீதி. ஒரு சொல்லை மாற்றினால் வாழ்க்கை மாறுமா என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை.

மூன்று படிகளுக்கு மேல் இரவல் சொற்கள் பிறகு ஏறின. ‘கோதுமை நிறம்’ வடக்கத்தி மண விளம்பரங்களில் இருந்து வந்தது. கம்பும் சோளமும் விளையும் கோவில்பட்டிக் கரிசலில் தோலுக்கு உவமையாகக் கோதுமை வந்ததில் நம்முடைய அனுபவம் எதுவும் இல்லை. மண விளம்பரங்களில் ‘சிவந்த’, ‘நல்ல நிறம்’ என்ற சொற்கள் தகுதியாக எழுதப்பட்டன. ‘நல்ல நிறம்’ என்றால் எது நல்லது என்று யாரும் விளக்கவில்லை; விளக்காமலே புரிந்தது என்பதுதான் கேடு. ‘கருப்பா இருந்தாலும் களையா இருக்கா’ என்று அன்போடு சொல்லப்படும் வாக்கியத்தில் அந்த ‘இருந்தாலும்’ வந்து உட்கார்ந்துகொண்டு ஒரு பெண்ணின் வாழ்நாள் முழுவதும் எழுந்திருப்பதில்லை.

கறுப்பின் மதிப்பு இப்படித் தலைகீழானதற்குக் காரணம் ஒன்றல்ல. வெயிலில் உழைப்பவர் கறுப்பதும் நிழலில் இருப்பவர் வெளிர்வதும் உழைப்பின் தாழ்வைத் தோலில் எழுதிக் காட்டின. சாதி அந்த எழுத்தைப் பிறப்போடு கட்டியது. ஐரோப்பியர் ஆட்சி வெள்ளையை அதிகாரத்தின் நிறமாக்கியது. 1975இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி அதைக் குழாயில் அடைத்துப் பெட்டிக்கடை வரை கொண்டுவந்தது. 2009இல் சென்னையிலிருந்து விமன் ஆஃப் வொர்த் அமைப்பு ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ இயக்கத்தைத் தொடங்கியது. கறுத்த தோல் உள்ளவரைத் தாழ்வாகக் காட்டக்கூடாது என்று இந்திய விளம்பரத் தர மன்றம் 2014இல் நெறி வகுத்தது. 2020இல் அந்தக் கிரீமின் பெயரிலிருந்து ‘ஃபேர்’ நீங்கி ‘க்ளோ’ வந்தது. பெயர் மாறியது, குழாயில் இருந்த ஆசை மாறியதா என்பது இன்னும் திறந்த கேள்வி.

அறிவியல் இந்த மதிப்பீட்டுக்கு எந்த ஆதாரமும் தரவில்லை. நிறமியை உண்டாக்கும் செல்களின் எண்ணிக்கை எல்லா மனிதரிடமும் ஏறத்தாழ ஒன்றே. அவை உண்டாக்கும் மெலனினின் அளவும் வகையும் பரவும் விதமும்தான் வேறு. ஒரே வீட்டில் அண்ணன் கறுப்பாகவும் தங்கை மாநிறமாகவும் இருப்பது நம் ஊரில் அன்றாடக் காட்சி. ‘தமிழர் நிறம்’ என்று ஒன்றைக்கூட வரையறுக்க முடியாது. மனிதர் நிறம் என்று ஒன்றை எப்படி வரையறுப்பது?

உலகம் திருத்திக்கொண்டது

மேற்கே அப்படி ஒன்றை வரையறுத்தார்கள். ஐரோப்பிய உடம்பை மனித உடம்பு என்று எடுத்துக்கொண்டதால், ஆடையில்லாத உடம்பைச் சொல்லும் சொல் அந்த உடம்பின் நிறத்துக்கும் பெயராயிற்று. கிரேயோலா நிறுவனம் வெளிர் ரோஜா நிற மெழுகு வண்ணக்கோலுக்குச் ‘சதை’ என்று பெயர் வைத்திருந்தது; அமெரிக்காவில் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் வலுத்த காலத்தில், 1962இல், அதைப் ‘பீச்’ என்று மாற்றியது. மெரியம் வெப்ஸ்டர் அகராதி வெள்ளையர் தோலின் நிறம் என்று ‘நியூட்’ சொல்லுக்குத் தந்திருந்த விளக்கத்தை, மாணவர் ஒருவர் தொடங்கிய இயக்கத்துக்குப் பிறகு 2015இல் திருத்தியது. லண்டனில் பாலே நடனக் காலணி செய்யும் ஃப்ரீட் நிறுவனம் 2018இல்தான் பழுப்பு, வெண்கல நிறங்களில் காலணி கொண்டுவந்தது. அதுவரை கறுப்பினக் கலைஞர்கள் ‘தோல் நிற’க் காலணிக்குத் தங்கள் தோலின் நிறத்தைத் தாங்களே பூசிக்கொண்டிருந்தார்கள்.

இது அழகோடு முடியும் செய்தி அல்ல. தோலை ஆறு வகையாகப் பிரிக்கும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோல் 1975இல் வெளிர்ந்த தோலின் வகைகளுக்காகவே தொடங்கியது. பழுப்புக்கும் கறுப்புக்குமான 5ஆம், 6ஆம் வகைகள் பின்னால் சேர்ந்தவை. விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜனைப் பார்க்கும் ஆக்சிமீட்டர், கறுப்பின நோயாளிகளிடம் ஆபத்தான குறைவைத் தவறவிடுவது வெள்ளையரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் என்று 2020இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. கொரோனாவில் அந்தக் கருவி நம் வீடுதோறும் இருந்தது. ஒரு நிறத்தைப் பொது என்று எடுத்துக்கொண்ட பிழை மூச்சுத்திணறும் நோயாளியின் விரல் நுனி வரை வந்து சேர்ந்தது. 2022இல் சமூகவியலாளர் எல்லிஸ் மங்க் கூகுளோடு சேர்ந்து வெளியிட்ட பத்து நிற அளவுகோல் இந்தப் பிழையைத் திருத்தும் முயற்சிகளில் ஒன்று.

தமிழ் சொல்லும் வழி

இவ்வளவையும் தொகுத்தால் மூன்று முடிவுகள் நிற்கின்றன. முதலாவது, தமிழில் தோலின் நிறத்துக்கும் உடம்பின் வெறுமைக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. ஒன்று மற்றொன்றின் பெயராகவில்லை. இரண்டாவது, வெறுமைச் சொற்கள் எல்லாம் சமூகம் எதிர்பார்த்ததன் இன்மையைச் சொல்பவை. ஆகவே அவை உடம்பைவிடச் சமூகத்தைப் பற்றியே அதிகம் பேசுகின்றன. மூன்றாவது, ‘ஸ்கின் கலர்’, ‘நியூட்’ என்ற இரவல் சொற்கள் வழியாக, உலகம் கைவிடத் தொடங்கிய ஒரு பிழை நம் கடைத்தெருவிலும் பள்ளிக்கூடத்திலும் இப்போதுதான் வேர் பிடிக்கிறது.

இதற்கு மாற்று நம்மிடமே இருக்கிறது. முழு வெறுமைக்குத் தமிழில் உள்ள மிக மென்மையான சொல் ‘பிறந்தமேனி’. அதில் மேனி உடம்பும்தான், நிறமும்தான். ஆனால் அது அவரவர் பிறந்த மேனி; வேறு யாருடைய நிறத்தையும் அது அளவாக வைப்பதில்லை. நிறமும் வெறுமையும் ஒரே சொல்லில் சேர வேண்டுமென்றால் இப்படித்தான் சேர வேண்டும்.

செய்ய வேண்டியவை எளியவை. துணிக்கடையில் அந்தத் துணியைச் சந்தன நிறம், வெளிர் பழுப்பு என்று சொல்லலாம். தோல் நிறம் வேண்டுமென்றால் யார் தோலுக்கு என்று கேட்டு எடுத்துக் காட்டலாம். பள்ளியில் பிள்ளைகள் மனித முகத்துக்கு வண்ணம் தீட்டும்போது ஆசிரியர் ஒரு குச்சியை மட்டும் எடுத்து நீட்டக் கூடாது. பழுப்பு, காவி, கருஞ்சிவப்பு எல்லாம் அவர்கள் கைக்கு எட்ட வேண்டும். மருத்துவர் ‘வெளுப்பு, சிவப்பு’ என்று பாடநூலில் படித்த அறிகுறிகள் கறுத்த தோலில் எப்படித் தெரியும் என்பதைத் தனியே கற்க வேண்டும். பெண் பார்க்கும் வீட்டில் ‘நல்ல நிறம்’ என்ற சொல் வந்தால் அங்கேயே மறுக்க வேண்டும்.

முத்தின் நீரை வகை வகையாகப் பிரித்துப் பெயர் சொல்லத் தெரிந்த கரைக்குத் தன் மக்களின் மேனியைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியாமல் போகாது. மாமை என்ற சொல்லைப் பாடநூலின் அருஞ்சொற்பொருளிலிருந்து எடுத்துப் பேச்சில் வைப்போம். கறுப்பை ‘இருந்தாலும்’ சேர்க்காமல் சொல்லப் பழகுவோம். தோலுக்கு ஒரு பொது நிறம் உண்டு என்று நம் பிள்ளைகளுக்கு இனி எந்தக் கடையும் எந்தப் புத்தகமும் சொல்லித்தர விடக்கூடாது.